பெட்டகம் திறக்கும் பங்காளிகளுக்கு

அன்புள்ள பங்காளிகளுக்கும், உங்களோடு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கும்,

பெட்டகத்தில் அகப்பட்ட பழைய பேனாக்கத்தியை எமரி மோட்டாரில் கொடுத்துப் பளபளப்பாக்காதீர்கள். இந்த மடலில் நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கூடாது, பிறகு எதில்தான் தீட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் மற்றதையெல்லாம் எழுதவேண்டியிருக்கிறது.

படைப்புக்கும் சாந்திக் கல்யாணத்துக்கும் நீங்கள் நெற்குப்பைக்கு வந்து வளவு அறைகளைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு கத்திகள் வெளியே வருகின்றன. கொஞ்ச நாளில் அவை அலகில் பாதி தேய்ந்து, கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதோ ஒரு பழம்பொருள் கடைக்குப் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம், இணையத்தில் வாங்கிய வேட்டைக் கத்தியை ஏந்திக்கொண்டு உங்கள் பிள்ளைகள், “இதை எங்கே தீட்டுவது?” என்று ஊரில் விசாரிக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டகத்துக் கத்தி. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடல்கடந்து தொழில் பார்க்க, கொண்டுவிக்கப் போன நம் ஐயாக்கள் எடுத்துவந்த சாமான்களில் பீங்கான் ஜாடிக்கும் எனாமல் அடுக்குக்கும் கிடைத்த பேர் பேனாக்கத்திக்குக் கிடைக்கவில்லை. சின்னச் சாமான் அல்லவா, பெட்டியின் மூலையில் கிடந்தே காலம் தள்ளிவிட்டது. அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்திருந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் முத்திரை. 1822ஆம் ஆண்டைக் குறிக்க ஒரே பிடியில் 1,822 அலகுகள் வைத்துக் கத்தி செய்தவர்கள் அவர்கள். எதற்கும் உதவாத கத்திதான், ஆனாலும் கைத்திறனைக் காட்ட அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

கணக்கெழுதுகிறவனுக்குக் கத்தி வேண்டும் என்பது ஷெஃபீல்டு நமக்குக் கற்றுக்கொடுத்ததல்ல. ஓலைக் காலத்தில் வாரெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனை எழுத, மறு முனையில் ஓலையை வாரிச் சீர்செய்ய ஒரு கத்தி. ஓலை போய்ப் பேரேடு வந்தபோது அந்த வேலையைப் பேனாக்கத்தி எடுத்துக்கொண்டது. பென்சில் சீவவும், தபால் உறை பிரிக்கவும், வெற்றிலைக் காம்பு கிள்ளவும் ஆயிற்று.

இன்னொரு சங்கதி. ஷெஃபீல்டின் வார்ப்பு உருக்கு மலிவானதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு அவருக்குப் பணம் தராமல் இழுத்தடித்தார்கள். மனிதர் வழக்காடியே ஓய்ந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. உங்கள் கையிலிருக்கும் கத்தி அந்த வழியில் வந்த உருக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அது எவ்வகை உருக்கு என்று தெரிந்துகொண்டுதான் கல்லைத் தேடவேண்டும். துருப்பிடிக்காத உருக்கை ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி கண்டது 1913இல். அதற்கு முந்தைய கத்தி எல்லாம் வெறும் கரிம உருக்கு, துரு ஏறும். சந்தேகமென்றால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கறுத்தால் கரிம உருக்கு. உடனே கழுவித் துடைத்துவிடவேண்டும். காந்தத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அது கத்திக்குச் செல்லாது. கத்திக்கு ஆகும் துருப்பிடிக்காத உருக்கிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

கரிம உருக்குக்குத்தான் மோட்டார் எமன். கொல்லுப்பட்டறையில் அலகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும், தட்டினால் உடையும். அதனால் மறுபடி இதமாகச் சூடேற்றிப் பதம் இறக்குவார்கள். தேய்த்து வெளுத்த உருக்கு 220, 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும், பேனாக்கத்திக்கு அந்த அளவு போதும். 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் பாய்ந்த வாய் வெட்டும், ஆனால் நிற்காது. இரண்டு மாங்காய் நறுக்குவதற்குள் மடங்கிவிடும். சுழலும் எமரிக் கல்லில் பொறி பறக்கிறதே, அந்தச் சூடு முதலில் போய்ச்சேருவது அலகின் மெல்லிய வாய்க்குத்தான். அங்கே சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லை. கண்ணுக்கு நீலம் தெரியாவிட்டாலும் வாயோரத்து மயிரிழை அளவு பதம் கெட்டிருக்கும். அதோடு, முத்திரையும் அலகின் மட்டமும் தேய்ந்துபோகின்றன. பழம்பொருள் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பளபளக்கும் கத்திக்கு அவர் பாதி விலைகூடச் சொல்லமாட்டார்.

தெருவில் மிதிவண்டிச் சட்டத்தில் கல்லைப் பொருத்தி மிதித்துச் சாணை பிடிக்கிறவரை நான் இதில் சேர்க்கவில்லை. கல் மெதுவாகச் சுற்றுகிறது, மனிதருக்குக் கைப்பக்குவமும் உண்டு. அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் தாராளமாக அவரிடம் கொடுங்கள். பேனாக்கத்தியைக் கொடுத்தால் மட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இனி கல். பழைய சாணைச் சக்கரம் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது, நம் தமிழ்நாட்டு மலைப் பக்கங்களிலேயே கிடைத்தது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தில் காய்ச்சினார். செயற்கை வைரம் பண்ணலாம் என்ற ஆசை. வைரம் வரவில்லை, அதைவிடக் கடினம் குறைந்த கறுப்புப் படிகம் ஒன்று வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் கார்போரண்டம். இன்று காரைக்குடி இரும்புக் கடையில் “தீட்டுற கல்லு” என்று கேட்டால் சொரசொரப்பாக ஒரு பக்கம், நைசாக மறுபக்கம் என்று நீளக் கட்டியாக எடுத்துக் கொடுக்கிறார்களே, பெரும்பாலும் அதே சரக்குதான்.

அதை இந்தியாவில் பெரிய அளவில் செய்ய வந்தவர்கள் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தெரியாது. பர்மாவில் மோல்மீனில் லேவாதேவி தொடங்கிய பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பம். அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியையும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியையும் கூட்டுச் சேர்த்து 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கல்லுக்காக ஜப்பானுக்கு ஆர்டர் போடுகிற பிள்ளைகளே, உங்கள் ஊரிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற பள்ளத்தூர்க்காரர்களின் கல்லை முதலில் தீட்டிப் பாருங்கள். பங்காளிப் பாசத்தில் சொல்லவில்லை. கரிம உருக்குப் பேனாக்கத்திக்கு அதற்குமேல் தேவையில்லை. ஜப்பானியத் தண்ணீர்க் கல் அருமையான கல், மறுக்கவில்லை. மிருதுவானது, சீக்கிரம் குழிவிழும், அதை மட்டம் பண்ண இன்னொரு கல் வேண்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து தீட்டுகிறவருக்கு அது சரிப்படும். வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தியைத் தொடுகிறவர்கள் அதை வாங்கிப் பெட்டகத்தில் வைத்தால் அடுத்த தலைமுறைக்கு ஒரு பழம்பொருள் மிஞ்சும்.

வாங்கும்போது நீளம் பாருங்கள். எட்டு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் இருந்தால் கை ஓடும். உள்ளங்கைக் கல்லில் கோணம் தடுமாறும். கடையிலேயே ஒரு இரும்பு அளவுகோலை நேராக நிறுத்திக் கல் மட்டமா என்று பார்த்து வாங்கலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். தண்ணீரா எண்ணெயா என்பதைக் கல்லைத் தொடும் முதல் நாளே முடிவுசெய்யுங்கள். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. எண்ணெய் என்றதும் அடுக்களைத் தேங்காயெண்ணெயைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது கல்லுக்கு ஆகாது. தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டுப் போதும். என்னைக் கேட்டால் தண்ணீர்தான் நல்லது, இரும்புச் சேறு தானாக வெளியே வரும்.

தீட்டுவதில் ரகசியம் ஒன்று உண்டு என்றால் அது கோணத்தை மாற்றாமல் வைத்திருப்பதுதான். எத்தனை டிகிரி என்று குழம்ப வேண்டாம். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் இருபது டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். நான்கில் ஒரு பங்கு தூக்கினால் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. பேனாக்கத்திக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் சரி. பன்னிரண்டு மில்லிமீட்டர் அகல அலகென்றால் இரண்டு பத்து ரூபாய்க் காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முதுகை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். அந்தச் சாய்வைக் கை மனப்பாடம் பண்ணிக்கொள்ளும், பிறகு காசை எடுத்துவிடலாம். சரியாகத் தீட்டுகிறோமா என்று பார்க்க வாயோரம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை விளிம்பில் அழிந்தால் சரி. மேலே அழிந்து விளிம்பில் மிச்சமிருந்தால் முதுகை இன்னும் தூக்கவேண்டும்.

சொரசொரப்பான பக்கத்தில் ஆரம்பித்து, ஒரு புறத்தையே தொடர்ந்து தீட்டுங்கள். எத்தனை இழுப்பு என்று எண்ணவேண்டாம், பிசிறு வரும்வரை. மறுபுறத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே மெல்லத் தடவினால் விளிம்பு முழுக்க நூல்போல ஒன்று இடறும். விரலை வாயின் நீளவாட்டில் ஓடவிடாதீர்கள், அங்கேதான் இரத்தம் வரும். பிசிறு எழுந்துவிட்டால் இரண்டு முகமும் சந்தித்துவிட்டன என்று பொருள். அடிமுதல் நுனிவரை ஓரிடம் விடாமல் அது வந்திருக்கவேண்டும். பெரும்பாலோர் நுனியை விட்டுவிடுகிறார்கள். வளைவு தொடங்கும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பிறகு கத்தியைத் திருப்பிப் போட்டு அதே வேலை. அப்புறம் நைசான பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, ஒரு புறம் ஒன்று மறுபுறம் ஒன்று என்று மாற்றி மாற்றி. கத்தியின் எடை மட்டும் கல்லில் இறங்கும் அளவுக்குக் கை இலேசாகவேண்டும்.

மிஞ்சும் பிசிறை எடுக்கத் தோல். நாவிதர் கடை வார் கிடைத்தால் உத்தமம், பழைய தோல் பெல்ட்டின் உட்புறமும் போதும். வாயைப் பின்னுக்கு வைத்து இழுக்கவேண்டும், முன்னுக்குத் தள்ளினால் பெல்ட் இரண்டாகும். அடிக்கடி கல்லுக்குப் போகாமல் இடையில் கூர் தேற்றிக்கொள்ள இன்னொரு கருவி உங்கள் வீடுகளில் ஏராளமாக இருக்கிறது. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று வெளுப்பாக இருக்கும். அதில் நாலு தடவை மெல்ல உரசினால் மழுங்கின வாய் மீளும். காபிக் கோப்பையின் அடியும் அப்படித்தான். ஜாடியை விற்பதற்கு முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்களே செய்யும் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். அரிவாளைத் தீட்டும் வழக்கத்தில் பேனாக்கத்தியையும் ஊருணிப் படிக்கல்லில் உரசுகிறார்கள். கருங்கல்லில் கடினமான மணியும் மிருதுவான மணியும் கலந்து கிடக்கும். அரிவாளுக்கு அது பரவாயில்லை, பேனாக்கத்தியின் வாயைப் பல் பல்லாக்கிவிடும். அரிவாளின் கதையே வேறு. நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்தது. அடி தாங்கவேண்டும் என்பதால் பேனாக்கத்தியைவிட மிருதுவாகவே பதம் வைப்பார்கள், தட்டை அரம் அதில் நன்றாகப் பிடிக்கும். கோணமும் பெருத்திருக்கவேண்டும், இருபத்தைந்து முப்பது டிகிரி. கருவை வெட்டுகிற அரிவாளைச் சவரக்கத்திபோலத் தீட்டினால் முதல் வெட்டிலேயே பொக்கை விழும். பனையேறிகளின் பாளை அரிவாளோ எதிர்மாறு. பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பதால் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தீட்டுவார்கள், உலோகத்தில் அது ஏற்றும் கூர் பார்க்கவேண்டியது. 2021 செப்டம்பருக்குப் பிறகு அரிவாள் வாங்கப் போனால் பட்டறையில் பெயரும் முகவரியும் கேட்பார்கள். வாங்குகிறவர்கள் விவரத்தைக் குறித்துவைக்கக் காவல்துறை சொல்லியிருக்கிறது. ஆசாரியிடம் வாதாடாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்போது வேட்டைக் கத்திக்காரப் பிள்ளைகள். தம்பிகளே, வேட்டைக்கு இங்கே இடமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. திருப்பத்தூர்ப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை. ஆகவே உங்கள் கத்தி செய்யப்போகிற வேலை கறி நறுக்குவதும் இளநீர்க் கண் திறப்பதும்தான். வாங்கும் முன் அளவையும் பாருங்கள். அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டி, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாததாக இருந்தால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அதை ஆயுதக் கணக்கில் சேர்க்கும்.

உங்கள் கத்தியில் டி2 என்று எழுதியிருந்தால் அதில் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டிய கரியும் பன்னிரண்டு விழுக்காடு குரோமியமும் இருக்கும். உருக்குக்குள்ளேயே கல்மணி மாதிரிக் கடினமான துகள்கள். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் போனால் மீட்பது பாடு. நான் மேலே புகழ்ந்த சாதாரணக் கல்லில் பிசிறு எழ வெகுநேரம் பிடிக்கும். இதற்கு மட்டும் வைரத்தூள் பதித்த தகடு வாங்குங்கள், அழுத்தாமல் தீட்டுங்கள், அழுத்தினால் தூள் உதிரும். வனேடியம் அதிகமுள்ள இன்னும் விலையுயர்ந்த உருக்குகளுக்கும் வைரம்தான். மாறாக, சிவப்புப் பிடி சுவிஸ் கத்தியின் அலகு மிருதுவானது. பள்ளத்தூர்க் கல்லே அதற்கு வேண்டியதற்கு மேல். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். கத்தியோடு பழகக் கற்றுக்கொள்ள அதுபோல இன்னொன்று இல்லை.

கறிக்குக் கண்ணாடிக் கூர் வேண்டாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் கல்லோடு நிறுத்திய வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கும், தோலையும் சவ்வையும் அவை பற்றி இழுக்கும். கறிக்கடைக்காரர் ஒரு கத்தியின் முதுகில் இன்னொன்றின் வாயை உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தீட்டுவதல்ல. மடங்கின வாயை நிமிர்த்துவது. இரும்பு தேயாமல் வேலை முடிகிறது. காற்றில் காகிதத்தைப் பிடித்து வெட்டிக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் இறங்கவேண்டும், அதுதான் சோதனை.

இழுத்தால் தீட்டும் என்று இரண்டு உலோகப் பற்களை வி வடிவில் வைத்து விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரே வரி: அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. உங்கள் ஐயா கத்தியைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாகப் பழைய கத்தியைத் துடைக்கும் முறை. துரு பிடித்த அலகில் மட்டும் மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். பெட்டகத்திலேயே செப்புக் காலணா கிடைக்கும், அதன் விளிம்பால் சுரண்டினால் துரு போகும், செம்பு மிருதுவாதலால் உருக்கில் கீறல் விழாது. பிடியில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொம்பானாலும் தந்தமானாலும் கெட்டுவிடும். தந்தப் பிடியாக இருந்தால் விற்கும் யோசனையையே விடுங்கள், யானைத் தந்தம் விற்பது குற்றம். மடங்கும் ஆணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு நாலு தடவை திறந்து மூடுங்கள். கத்தியைத் தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை வாங்கி அலகை அரிக்கும். பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தடவிச் சுற்றி வைத்தால் போதும்.

ஊருக்கு வரும்போது கல்லைக் கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது. கத்தியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே தீட்டுவோம். திரும்பிப் போகும்போது திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைத்துவிடாமல் சரக்கில் போடும் பெட்டிக்குள் மறக்காமல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஊரிலேயே இருக்கும் பங்காளி ஒருவன்,
நெற்குப்பை